கண் மேற்கில், கை கிழக்கில்

டிபுசெங் மொஹாபியின் வலது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் இல்லை. அதற்கு எங்கள் ஊரான தாபோங்கின் தெருக்களில் பல காரணங்கள் சொல்கிறார்கள். கொள்ளைக்காரன் கத்தியால் வெட்டினான் என்பார் ஒருவர். பெல்ட் தின்றுவிட்டது என்பார் இன்னொருவர். பழைய பாவத்துக்குக் கூலி என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிறவர்களும் உண்டு. எதுவும் சரியில்லை. எங்கள் தங்க ஆலையில் விபத்து விசாரணைகளை எழுதும் வேலை என்னுடையதாக இருந்தது. அவள் இரண்டு விசாரணைகளில் நின்றாள். இரண்டிலும் அவள் வாயிலிருந்து வந்ததை நான்தான் எழுதினேன். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆலையில் இரண்டு அரவை வரிசைகள் இருந்தன, கிழக்கு ஒன்று, மேற்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் சுரங்க வாயிலிலிருந்து தாதுக் கல்லை மேலே கொண்டுவரும் பெல்ட்டுகள் நான்கு. இரண்டு பக்கமும் ஒரே எண்கள். கிழக்கு மூன்று என்றால் அதற்கு நேர் எதிரே மேற்கு மூன்று. பெல்ட்டுகள் தகரக் கூண்டுக்குள் சாய்வாக ஏறி வந்து கல்லைத் தாதுக் குழியில் கொட்டும். இவை எல்லாவற்றையும் ஓட்டுவதும் நிறுத்துவதும் மாடியில் இருந்த கட்டுப்பாட்டு அறையிலிருந்து. அங்கே ஒரு நீள மேஜை, நான்கு திரைகள், ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ், ஓர் ஆள். பகல் முறையில் அந்த ஆள் டிபுசெங். எல்லோருக்கும் அவள் அவுசி, அதாவது அக்கா. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

கணினிகள் அந்த அறையில் இல்லை. சுவருக்குப் பின்னால் குளிரறையில் மூன்று இருந்தன: கிழக்குக்கு ஒன்று, மேற்குக்கு ஒன்று, கதவுகளுக்கு ஒன்று. ஒவ்வொரு கணினியும் தன் படத்தை நான்கு திரைகளில் விரிக்கக் கூடியது. பன்னிரண்டு திரைகளை வைக்க மேஜையில் இடமில்லை. மூன்று கீபோர்டுகளைத் தட்ட அவளுக்குக் கையில்லை. அதற்காகத்தான் கேவிஎம் பெட்டிகள். ஒரு பெட்டி ஒரு திரையைத்தான் பார்த்துக்கொள்ளும். மூன்று கணினிகளின் முதல் படமும் முதல் பெட்டிக்குள் வரும்; இரண்டாவது படம் இரண்டாவது பெட்டிக்குள்; அப்படியே நான்கு வரை. கீபோர்டும் மவுஸும் முதல் பெட்டியில் மட்டும் செருகப்பட்டிருக்கும். பெட்டிகளை ஒன்றோடொன்று சிறு வயரால் கோத்திருந்தார்கள். முதல் பெட்டி கிழக்கிலிருந்து மேற்குக்குத் திரும்பினால் மற்ற மூன்றும் கூடவே திரும்ப வேண்டும். அறையில் முதல் பெட்டிக்கு மூத்தவள் என்று பெயர். மற்றவை தங்கச்சிகள்.

கடைசித் தங்கச்சி சோம்பேறி. மூன்றும் திரும்பிய பிறகும் சில சமயம் அது பழைய இடத்திலேயே நிற்கும். மூன்று திரைகளில் மேற்கு, நான்காவதில் கிழக்கு. பெட்டியின் தலையில் ஒரு தட்டு தட்டினால் சரியாகிவிடும். தட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்.

லெஷோபோரோவின் கை போனது அதனால்தான்.

லெஷோபோரோ பெல்ட் பழுது பார்ப்பவன். நெடிய ஆள், வாய் ஓயாதவன். அன்று மேற்கு மூன்றில் ஒரு கல் சிக்கி பெல்ட் நின்றுவிட்டது. தன் பூட்டைச் சுவிட்சில் மாட்டிவிட்டுத்தான் பெல்ட்டில் ஏற வேண்டும் என்பது விதி. சின்ன வேலைக்குப் பூட்டு எதற்கு என்று கடப்பாரையோடு ஏறினான். அவனைப் போல எல்லோரும் ஏறிக்கொண்டுதான் இருந்தார்கள். அதே வேளையில் கிழக்கிலிருந்து வாக்கி டாக்கியில் கேட்டார்கள்: "அவுசி, கிழக்கு மூணைக் கழுவி முடிச்சாச்சு. ஓட்டு." அவள் அப்போது மேற்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிழக்குக்குத் திரும்ப வேண்டும். நான்காவது திரையை நிமிர்ந்து பார்த்தாள். அதில் கிழக்கு மூன்று, நின்ற நிலையில், ஓட்டு என்று காத்திருந்தது. தான் ஏற்கெனவே திரும்பிவிட்டதாக நினைத்தாள். கண் கிழக்கில் இருந்தது. கீபோர்டோ மூத்தவளோடு மேற்கிலேயே இருந்தது. மூன்று என்று தட்டி ஓட்டும் விசையை அழுத்தினாள்.

சைரன் அடித்தது. அந்தச் சைரன் நாள் முழுக்க அடிப்பது, யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. மேற்கு மூன்று கிளம்பியது. லெஷோபோரோவின் இடது கையை உருளைக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் இழுத்து, முழங்கையைத் தாண்டி, தோள்வரை கொண்டுபோனது. கடப்பாரை எகிறிப் போய்க் கூண்டின் தகரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே விழுந்தது. வாக்கி டாக்கியின் பொத்தான் அவன் மார்பில் அழுந்தியே இருந்ததால் அவன் அலறலை ஆலை முழுவதும் கேட்டது. மாடியில் டிபுசெங்கும் கேட்டாள். எது என்று அவளுக்குப் புரிவதற்குள் கீழே பெல்ட்டின் பக்கத்தில் நின்றவன் அதை நிறுத்தும் அவசரக் கயிற்றை இழுத்துவிட்டான்.

கை திரும்ப வரவில்லை. உருளையைக் கழற்றித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

விசாரணையில் இருவருக்கும் எச்சரிக்கை கொடுத்தார்கள், அவனுக்குப் பூட்டு மாட்டாததற்கு, அவளுக்குத் திரையைச் சரிபார்க்காததற்கு. "தெரியாம அழுத்திட்டேன்" என்று அவள் சொன்னாள். அப்படியே எழுதினேன். லெஷோபோரோவுக்கு உருக்கு அறையின் காவல் வேலை கிடைத்தது. தங்கத்தை உருக்கி ஊற்றும் நாட்களில் உள்ளே உட்கார்ந்திருக்கும் வேலை. அதற்கு ஒரு கை போதும்.

வெள்ளிக்கிழமைதோறும் அவள் அவனுக்கு மக்வின்யா வாங்கிப் போனாள். எண்ணெயில் பொரித்த அந்த மாவு உருண்டை சுடச்சுட இருக்கும்.

"ஒரு கையால எப்படிப் பிச்சுத் திங்கறது? நீயே பிச்சுக் குடு. எடுத்தவதான் குடுக்கணும்" என்பான் முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அவள் பிய்த்துக் கொடுப்பாள்.

"ஏன் அவுசி, இன்னிக்கு யாரோட கை?"

"உன் நாக்கு. அதுக்குத் தனியா ஒரு பெல்ட்டு வெச்சிருக்கேன்."

அவன் சிரித்து முடித்ததும் சில நாள் ஒன்று கேட்பான். விளையாட்டுப் போலத்தான் கேட்பான். "நிஜமாவே தெரியாமதானே அழுத்தின?"

"தெரியாமதான்."

"சரி. சும்மா கேட்டேன்." ஆனால் அடுத்த மாதம் மறுபடி கேட்பான்.

அந்த விபத்துக்குப் பிறகு அவள் ஒரு வேலை செய்தாள். ஒவ்வொரு கணினியின் படத்துக்கும் மேல் விளிம்பில் நிறப்பட்டை ஒன்று வைக்கச் சொன்னாள். கிழக்குக்கு நீலம், மேற்குக்கு மஞ்சள், கதவுகளுக்குச் சிவப்பு. நான்கு திரையும் ஒரே நிறம் ஆகாமல் கீபோர்டைத் தொடக் கூடாது. இதை மேஜைக்கு மேலே பலகையில் எழுதி மாட்டினார்கள். எழுதியவன் மொகேட்டே, மாலை முறையில் அதே நாற்காலியில் உட்கார்ந்தவன். அச்சுப் போன்ற கையெழுத்து அவனுக்கு. "நாலும் ஒரே நிறம். அப்புறம்தான் கை." எழுதிவிட்டுத் தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தான். "சர்ச்சில மாட்டலாம் போல இருக்கே" என்றான்.

அதற்குப் பிறகு அவன் அங்கே நீடிக்கவில்லை. பூட்ஸின் அடித்தோலுக்குள் தங்கம் கலந்த கரித்தூளை வைத்து வெளியே கொண்டுபோகும்போது பிடிபட்டான். வேலை போயிற்று. போகும்போது டிபுசெங்கிடம், "ஊரே எடுக்குது, என் பூட்ஸ் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுது" என்று சொல்லிவிட்டுப் போனான். அதன் பிறகு கைவிட்ட சுரங்கங்களில் திருட்டுத்தனமாக இறங்குகிறவர்களோடும் அவர்களை ஆட்டிவைக்கும் போர்வைக்காரர்களோடும் அவனைப் பார்த்ததாகச் சொன்னார்கள். போர்வைக்காரர்கள் யார் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கம்பளிக்குள் துப்பாக்கி இருக்கும்.

அவன் போன பிறகுதான் பெட்டிகளை மாற்றினார்கள். ஹென்னி என்ற வயர்க்காரர் நான்கு புதுப் பெட்டிகளோடு வந்தார். புதுசு ஒன்றும் சோம்பேறி இல்லை. மூத்தவள் திரும்பினால் நான்கும் ஒரே அசைவில் திரும்பும். கிளம்பும்போது அவர் தலையைச் சொறிந்துகொண்டு ஒன்று சொன்னார்.

"அவுசி, இதுல ஒரு வேலை இருக்கு. கீபோர்டுல இந்த விசையை ரெண்டு தட்டு தட்டி இந்த எழுத்தையும் ஒரு நம்பரையும் அழுத்தினா, கீபோர்டு மட்டும் தனியாப் பிரிஞ்சு அந்த நம்பர் கம்ப்யூட்டருக்குப் போயிடும். ஸ்கிரீன் எங்க வேணா திரும்பட்டும், நீங்க மறுபடி சேர்க்கிற வரைக்கும் கீபோர்டு விட்ட இடத்துலதான் நிக்கும்."

அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள் என்று ஹென்னி பிறகு என்னிடம் சொன்னார். "அதை எடுத்துடுங்க" என்றாள்.

"எடுக்க முடியாதும்மா. பெட்டிக்குள்ளயே இருக்கு. தெரியாதவங்க தப்பித் தவறிக்கூட அதை அழுத்த மாட்டாங்க."

"யாருக்கும் சொல்லாதீங்க."

"சொல்லலை."

வீட்டுக்குள் பாம்பு நுழைந்த பொந்தை எப்படி நினைவு வைத்திருப்போமோ அப்படி அந்த விசைகளை அவள் நினைவு வைத்திருந்தாள். பக்கத்தில் விரல் போகாமல் பார்த்துக்கொண்டாள்.

கொள்ளை நடந்தது ஒரு சனிக்கிழமை பகலில். அன்று உருக்கும் நாள். உருக்கு அறைக்குள் லெஷோபோரோவும் உருக்குகிறவர்கள் இருவரும் இருந்தார்கள். அந்த அறையின் கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டிருக்கும். ஊற்றி முடித்ததும் அவன் போனில் கூப்பிடுவான். அவள் தன் இரகசிய எண்ணைப் போட்டு மாடியிலிருந்து திறப்பாள். வேறு வழியில் அது திறக்காது.

மேற்கு வரிசைக்கு அன்று கல் இல்லை. காலையிலேயே நிறுத்திவிட்டாள். நிறுத்திய பிறகு மேற்குக் கணினியில் பெல்ட்டுகளின் பக்கத்தை மூடாமலே விட்டிருந்தாள். கிழக்கு அரவை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் உறுமல் எங்களுக்கு மூச்சு மாதிரி. ஓடும்போது யாரும் கேட்பதில்லை. நின்றால் எல்லோரும் வாயில் வைத்த சோளக்களியைக்கூட அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடி வருவார்கள்.

லெஷோபோரோ உள்ளேயிருந்து போன் செய்தான். "அவுசி, உள்ள வெந்து சாகறோம். இன்னும் ஒரு கட்டி பாக்கி. மக்வின்யா இருக்கா?"

"இன்னிக்கு சனிக்கிழமை. வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு."

"வாயை மூடினா வேர்வை எங்கே போகும்?"

போனை வைத்த பிறகு மாடிப்படியில் காலடி கேட்டது. காவல்காரர் மொஜாலேஃபா கதவைத் திறந்து உள்ளே வந்தார். கைகள் தலைக்கு மேலே இருந்தன. அவருக்குப் பின்னால் மொகேட்டே, கையில் துப்பாக்கி. அவனுக்குப் பின்னால் பழுப்புப் போர்வை போர்த்திய ஒருவன், கையில் நீளத் துப்பாக்கி. மொஜாலேஃபா அவளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். போர்வைக்காரன் அவர் கழுத்தின் பின்பக்கம் துப்பாக்கியை வைத்துச் சுட்டான். அவர் முன்னால் மேஜைமேல் விழுந்து, சரிந்து, தரைக்கு வந்தார். முதல் திரையில் இரத்தம் தெறித்து வழிந்தது.

மொகேட்டே தன் சட்டைக் கையால் அந்தத் திரையைத் துடைத்தான். "ஏன்டா சுட்டே?" என்று போர்வைக்காரனைக் கேட்டான்.

"இவ வேகமா வேலை பண்ணட்டும்னு."

"அவுசி, என்னைப் பாரு. அவனைப் பாக்காதே. என்னைப் பாரு." மொகேட்டே நாற்காலியை மேஜையோடு ஒட்டித் தள்ளினான். "உருக்கு அறைக் கதவு. அவ்வளவுதான்."

அவள் ஜன்னல் வழியே கீழே பார்த்தாள். மேற்கு மூன்றின் கூண்டுக்குள் ஆட்கள் இருந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம், அன்று ஆள் இல்லாத சுரங்க வாயிலில் நுழைந்து பெல்ட் வழியாகவே ஏறி வந்திருக்கிறார்கள். நடைபாதையின் நடுவே இரும்புக் கிராதி பூட்டியிருக்கும். பெல்ட் மட்டும் ஒரு தாழ்வான இடைவெளி வழியாக அதைக் கடந்துபோகும். அந்த இடைவெளியில் ஒவ்வொருவராகத் தவழ்ந்து வந்துகொண்டிருந்தார்கள். சிலர் ஏற்கெனவே மேலே வந்து, பெல்ட்டின்மீது சாக்குகளை விரித்து உட்கார்ந்து புகைத்துக்கொண்டிருந்தார்கள். தங்கமும் அந்த வழியாகத்தான் இறங்கப் போகிறது.

"உள்ளே இருக்கிறவங்க?" என்று கேட்டாள்.

போர்வைக்காரன் சொன்னான்: "மூணு பேர். மூணு குண்டு."

"லெஷோபோரோ இருக்கான்" என்றாள் மொகேட்டேயிடம். "உன்னோட கார்ட் விளையாடினவன்."

"அதனாலதான் அவுசி. அவனுக்கு என் முகம் தெரியும்."

"எனக்கும் தெரியும்."

"கதவைத் திற."

அவள் எண் இல்லாமல் கதவு திறக்காது. அதுவரைதான் அவளும் உயிரோடு இருப்பாள் என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. அந்த எண்ணைப் போட்டால் லெஷோபோரோ போனை எடுத்து "திறந்துடுச்சு, வரேன்" என்று சொல்லிக்கொண்டு நேராக இவர்கள் முன்னால் நடந்து வருவான்.

திரைகளைக் கதவுகளுக்குத் திருப்பினாள். நான்கும் ஒரே அசைவில் மாறின. மொகேட்டே துப்பாக்கி முனையால் ஒவ்வொரு திரையாகத் தொட்டான்.

"சிவப்பு, சிவப்பு, சிவப்பு, சிவப்பு. சரி." மேலே பலகையைப் பார்த்தான். "என் எழுத்தை இன்னும் கழட்டலை பாரு."

"நல்ல எழுத்து" என்றாள்.

அவன் ஜன்னல் பக்கம் போய்க் கீழே இருந்தவர்களுக்குக் கையசைத்தான். போர்வைக்காரன் கீபோர்டைப் பார்த்தான், ஆனால் அவனுக்கு அது எழுத்துகள் நிறைந்த பலகை மட்டும்தான். அவள் அந்த விசையை இரண்டு முறை தட்டினாள். எழுத்தை அழுத்தினாள். மேற்கின் எண்ணை அழுத்தினாள். திரைகளில் எதுவும் அசையவில்லை. நான்கும் சிவப்பாகவே இருந்தன.

"என்ன பண்றே?" என்றான் போர்வைக்காரன்.

"நம்பர் போடறேன். நீளமான நம்பர்."

கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் மூன்று என்று அழுத்தினாள். பிறகு ஓட்டும் விசை. பிறகு எண்டர். உடனே விரல்கள் மறுபடி தட்டின, இந்தத் தடவை கிழக்கின் எண். கீபோர்டு அங்கே போயிற்று.

சைரன் அடித்தது.

போர்வைக்காரனுக்கு அது ஆலையின் ஏதோ ஒரு சத்தம். மொகேட்டே ஜன்னலிலிருந்து திரும்பினான். அந்த நாற்காலியில் பல வருஷம் உட்கார்ந்தவன் அவன். முதலில் அவன் பார்த்தது திரைகளை. சிவப்பு. நான்கும் சிவப்பு. அவன் முகத்தில் குழப்பம் வந்தது. கதவுகளிலிருந்து பெல்ட்டை ஓட்ட முடியாது. அப்படியானால் யார் ஓட்டுகிறார்கள் என்று அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பெல்ட் கிளம்பிவிட்டது.

கல் இல்லாத பெல்ட் வேகமாக ஓடும். உட்கார்ந்திருந்தவர்கள் மல்லாந்து விழுந்தார்கள். இடைவெளியில் பாதி நுழைந்திருந்தவனைக் கிராதியின் கீழ்க் கம்பியோடு சேர்த்து இழுத்தது. உடல் அங்கேயே மடங்கி நின்றது. அவனுக்குப் பின்னால் வந்தவர்களை அவன்மீது கொண்டுவந்து மோதவிட்டது. எழுந்து நின்றவன் தலை கம்பியில் அடித்துத் திரும்பியது. மேலே வந்துவிட்டவர்களைப் பெல்ட் சாக்குகளோடு தூக்கிக்கொண்டு ஏறி, முனையில் தாதுக் குழிக்குள் கொட்டியது. குழி வெறுமையாக இருந்தது. அடியில் இரும்பு. ஒருவன் பெல்ட்டின் ஓரத்தைப் பிடித்துத் தப்பிக்கப் பார்த்தான். உருளை அவன் கையை எடுத்துக்கொண்டது.

இதையெல்லாம் ஜன்னலிலிருந்து பார்க்க முடிந்தது. அலறல் கிழக்கு அரவையின் உறுமலையும் மீறிக் கேட்டது.

"டெபெல்லோ!" என்று கத்தினான் மொகேட்டே. "டெபெல்லோ அங்க இருக்கான்! என் தம்பிடி அவன்!"

துப்பாக்கிக் கட்டையால் அவள் முகத்தில் ஓர் அடி. அவள் கன்ன எலும்பு உடைந்தது. அவளைத் தள்ளிவிட்டு மூத்தவளின் பொத்தானை அழுத்தினான். நான்கு திரைகளும் மேற்குக்குத் திரும்பின. மஞ்சள், மஞ்சள், மஞ்சள், மஞ்சள். பழக்கம் விடவில்லை, நான்கையும் பார்த்துவிட்டுத்தான் கையை வைத்தான். ஒரு பெல்ட்டை மட்டுமல்ல, வரிசை முழுவதையும் ஒரேயடியாக நிறுத்தும் விசையைக் குத்தினான்.

கிழக்கு நின்றது.

அரவையின் உறுமல் தணிந்து, இழுத்து, ஓய்ந்தது. அந்த அமைதியில் மேற்கு மூன்றின் சத்தமும் அதில் சிக்கியவர்களின் குரலும் மட்டும் மிச்சம். மொகேட்டே மறுபடி குத்தினான். மறுபடியும். "நாலும் மஞ்சள்! நாலும் மஞ்சள்தானே!" பலகையைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், கீபோர்டை இரண்டு கையாலும் அறைந்தான். "கை எங்க இருக்கு? அவுசி, சொல்லு! கை எங்க இருக்கு?"

வாயில் நிறைந்த இரத்தத்தைத் துப்பிவிட்டு அவள் சொன்னாள்: "கயித்தை இழு, மொகேட்டே. ஓடு. கயித்தை இழு."

பெல்ட் நெடுக அந்தக் கயிறு போகிறது. அது அவனுக்குத் தெரியும். துப்பாக்கியைப் போட்டுவிட்டுப் படியில் உருண்டு விழுந்து ஓடினான்.

வெளியே சாப்பாட்டுக் கூடத்திலிருந்தும் பட்டறையிலிருந்தும் ஆட்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள், கிழக்கு ஏன் நின்றது என்று பார்க்க. கூண்டுக்குள் கிடந்ததைப் பார்த்தார்கள். கத்தினார்கள். வாயில் காவலர்களின் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. போர்வைக்காரன் ஜன்னல் வழியே கூட்டத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவள் மறுபடி கீபோர்டை நோக்கிக் கை நீட்டியிருந்தாள். சுட்டான். கீபோர்டு இரண்டாகப் பிளந்தது. அதோடு அவள் விரல்கள் இரண்டும். இரண்டாவது குண்டு மேலே பலகையில் பட்டது. பிறகு அவனும் ஓடினான். வாயிலை எட்டவில்லை, காவலர்கள் அவனை வண்டிகள் நிற்கும் இடத்திலேயே சுட்டு வீழ்த்தினார்கள்.

அவள் தவழ்ந்துபோய்க் கதவைக் காலால் சாத்தினாள். கையைச் சட்டையில் சுற்றிக்கொண்டாள். போனை எடுத்து உருக்கு அறையைக் கூப்பிட்டாள்.

"நான்தான். கதவைத் திறக்க முடியாது. கீபோர்டு போச்சு. உள்ளயே இருங்க."

"கிழக்கு நின்னுடுச்சு. வேற ஏதோ ஓடுது. என்ன அது?" என்றான் லெஷோபோரோ.

"மேற்கு மூணு."

அவன் கேட்டான்: "அதுமேல ஆளா?"

"மொகேட்டேயோட ஆளுங்க. உங்களைக் கொல்ல வந்தாங்க."

"தெரியாமயா?"

"தெரிஞ்சுதான்."

அப்போது பெல்ட் நின்றது. மொகேட்டே கயிற்றை எட்டிவிட்டான். காவலர்கள் போனபோது அவன் ஓடவில்லை. கிராதிக்கு இந்தப் பக்கம் பெல்ட்டின்மீது உட்கார்ந்து தம்பியை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். தம்பியின் இடுப்புக்குக் கீழே கிராதிக்கு அந்தப் பக்கம் இருந்தது. விலங்கு மாட்ட வந்தவர்களிடம், "மெதுவா, அவன் தூங்கறான்" என்றானாம். பெல்ட்டிலும் குழியிலுமாக ஆறு பேர் செத்திருந்தார்கள். மொஜாலேஃபாவை மாடியிலிருந்து இறக்கினோம்.

இரண்டாவது விசாரணை முதலாவதைவிட நீண்டது. நிர்வாகத்தின் வழக்கறிஞர் நல்லவர்தான். அவளைக் காப்பாற்றத்தான் பார்த்தார். உள்ளே போவதற்கு முன் தாழ்வாரத்தில் அவளிடம் சொன்னதை நானும் கேட்டேன்.

"இதப் பாருங்கம்மா. போன தடவை மாதிரி இந்தத் தடவையும் பெட்டிங்க பிசகியிருக்கும். நீங்க கதவுன்னு நினைச்சு அழுத்தினீங்க, அது பெல்ட்டுல போய் விழுந்துச்சு. அவ்வளவுதானே? செத்தவங்களுக்கும் அம்மா அப்பா இருக்காங்க. அவங்க சார்பா வக்கீல் வந்திருக்காரு. தெரிஞ்சு ஓட்டினேன்னு நீங்க சொன்னா அதை வேற பேரு சொல்லிக் கூப்பிடுவாங்க."

உள்ளே கேள்வி கேட்டபோது அவள் கட்டுப்போட்ட கையை மேஜைமேல் வைத்தபடி சொன்னாள்: "பெட்டிங்க சரியாத்தான் இருந்துச்சு. நாலும் ஒழுங்கா வேலை பண்ணுச்சு. கீபோர்டை நான்தான் பிரிச்சேன். பெல்ட்டுமேல ஆள் இருக்காங்கன்னு பார்த்துட்டுத்தான் ஓட்டினேன்."

"அவர்கள் சாவார்கள் என்று தெரியுமா?"

"லெஷோபோரோவோட கையை எடுத்த பெல்ட்டு அது. தெரியும்."

வழக்கறிஞர் கண்ணை மூடிக்கொண்டார். எழுதிக்கொண்டிருந்த நான் ஒருமுறை நிமிர்ந்து, இதை அப்படியே எழுதட்டுமா என்று கேட்டேன். தலையசைத்தாள். வழக்கு நெடுநாள் இழுத்தது. கடைசியில் அரசுத் தரப்பு அதை நடத்தவில்லை. ஆனால் டெபெல்லோவின் தாய் அவள் தெருவிலேயே இருக்கிறாள். டிபுசெங் துக்க வீட்டுக்குப் போனாள். தரையில் போட்ட மெத்தையில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். இன்றுவரை திரும்பவில்லை. டிபுசெங் இன்றும் அந்த வீட்டைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறாள்.

விசாரணை முடிந்த அன்று லெஷோபோரோ வெளியே மரத்தடிக் கல்லில் காத்திருந்தான். பக்கத்தில் எண்ணெய் ஊறிய காகிதப் பை.

"பொய் சொல்லியிருக்கலாமே" என்றான். "நான்கூட அதையேதான் சொல்லியிருப்பேன்."

"உனக்கு எத்தனை தடவை சொன்னேன், தெரியாமதான் அழுத்தினேன்னு?"

"மாசத்துக்கு ஒரு தடவை."

"இன்னிக்குப் பொய்யா அதையே சொல்லியிருந்தா, முந்தி சொன்ன நிஜத்தை நீ நம்புவியா?"

லெஷோபோரோ பையிலிருந்து ஒரு மக்வின்யாவை எடுத்தான். அவளால் அன்று எதையும் பிய்க்க முடியவில்லை. அவனே ஒரு பக்கத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் இழுத்து, பெரிய துண்டை அவளிடம் நீட்டினான்.

அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவன் கேட்கவே இல்லை.